காரில் துருப்புள்ளி: எங்கே தெரிகிறது, நாமே என்ன செய்யலாம், எப்போது பட்டறைக்குப் போவது

சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் மாதிரி கடலை ஒட்டிய தெருக்களில் வெளியே நிற்கிற எந்த வண்டியை எடுத்துக்கொண்டாலும், நாலைந்து மழைக்காலம் பார்த்திருந்தால் எங்கேயாவது ஒரு மூலையில் பழுப்பாக ஒரு புள்ளி இருக்கும். எங்கள் வீட்டு வண்டி, சொந்தக்காரர்கள் வண்டி, எங்கள் ஃபிளாட்டில் இருப்பவர்கள் வண்டி என்று இந்தப் புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். புள்ளியின் அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அது எந்த இடத்தில் வந்திருக்கிறது, அங்கே தண்ணீர் எப்படி வந்தது, இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பானட்டில் மிளகு அளவு இருப்பதும் கதவின் அடியில் மிளகு அளவு இருப்பதும் ஒன்றல்ல. பானட்டில் இருப்பதை நீங்களே சரிசெய்துவிடலாம். கதவடியில் இருப்பது பெரும்பாலும் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வெளியே வந்தது.

அதனால் கீழே எல்லாவற்றையும் அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டியில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

தொடங்கும் முன்

வண்டி இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தால் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். போட்டோ எடுத்து, சர்வீஸ் சென்டரில் காட்டி, ஜாப் கார்டில் எழுத வையுங்கள். சில கம்பெனிகள் துருவுக்கென்று தனி வாரண்டி தருகின்றன, நாமாகச் சுரண்டி பெயிண்ட் வைத்த இடத்துக்கு அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம்.

வாரண்டி முடிந்துவிட்டது என்றால் ஒரு டார்ச், துணி சுற்றிய சின்ன காந்தம், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், இந்த மூன்றும் போதும். வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள், அழுக்கோடு பார்த்தால் பாதி இடம் தப்பிவிடும்.

அறிகுறி: வண்டி முழுக்கப் பொடிப்பொடியாக ஆரஞ்சுப் புள்ளிகள்

வெள்ளை, சில்வர் வண்டிக்காரர்கள்தான் இதைப் பார்த்துப் பயந்துபோவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, பெரும்பாலும் இது உங்கள் வண்டியின் துருவே இல்லை. வெளியிலிருந்து வந்து பெயிண்டில் ஒட்டிக்கொண்ட இரும்புத்தூள் துருப்பிடித்திருக்கிறது. பிரேக்கிலிருந்து வருகிற தூள் ஒரு காரணம். பீச் – தாம்பரம் பாதை மாதிரி ரயில் போகிற இடத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினால் தண்டவாளமும் சக்கரமும் உரசி வருகிற தூள் இன்னொரு காரணம். பக்கத்தில் கிரில் பட்டறை இருந்தாலோ, ஃபிளாட்டில் கேட் வெல்டிங் நடந்தாலோ கிரைண்டரிலிருந்து பறக்கிற பொறி மூன்றாவது காரணம். இதுதான் மோசமானது. சூடாக வந்து விழுவதால் பெயிண்டைச் சுட்டு உள்ளே இறங்கும், கண்ணாடியிலும் பதியும். வெல்டிங் வேலை நடக்கிற நாளில் வண்டியை வேறெங்காவது நிறுத்துங்கள்.

சோதனை: கையில் ஒரு மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவுங்கள். சொரசொரப்பு வெறுங்கையை விட நன்றாகத் தெரியும். பிறகு ஷாம்புத் தண்ணீர் தெளித்து, டீட்டெய்லிங் கடைகளில் கிடைக்கிற கிளே பாரை (ஒட்டிய தூளை இழுத்தெடுக்கிற, களிமண் மாதிரியான கட்டி) அழுத்தாமல் தேயுங்கள். புள்ளி போய் பெயிண்ட் வழவழப்பானால் வேலை முடிந்தது. நிறைய இருந்தால் இரும்புத்தூளைக் கரைக்கிற ஸ்ப்ரே இருக்கிறது, அடித்ததும் புள்ளிகள் ஊதா நிறமாக வழியும். நிழலில்தான் அடிக்க வேண்டும், காய்வதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். கழுவி முடித்து ஒரு வாக்ஸ் போடுங்கள்.

கிளே பார் தேய்த்த பிறகும் ஒரு புள்ளி மட்டும் குழியாக, குழிக்குள் பழுப்பாக நிற்கிறது என்றால் அது பெயிண்டைத் தாண்டிவிட்டது. கல் பட்ட புள்ளிக்கான பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: பழுப்புத் தண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கோடு

கோடு எங்கே முடிகிறது என்று பார்க்காமல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பம்பரில் கோடு இருந்தால், இப்போது ஓடுகிற பெரும்பாலான கார்களில் பம்பர் பிளாஸ்டிக், அதற்குத் துரு வராது. காந்தம் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேலே இருக்கிற ஏதோ ஒரு ஸ்க்ரூவோ கிளிப்போதான் துருப்பிடித்து அழுகிறது. அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் கோடு நின்றுவிடும்.

டிக்கி கதவில் நம்பர் பிளேட்டுக்குக் கீழே வருகிற கோடு கொஞ்சம் யோசிக்க வைக்கும். டார்ச் அடித்துப் பிளேட்டுக்குப் பின்னால் பாருங்கள். ரிவெட் மட்டும் துரு என்றால் துடைத்துவிட்டு விட்டுவிடலாம். ரிவெட் போட்ட ஓட்டையைச் சுற்றித் தகட்டில் பெயிண்ட் பெயர்ந்து பழுப்பாக இருந்தால் பிளேட்டை எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் இப்போதைய உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டை ஒருமுறை மட்டும் பூட்டுகிற லாக்கில் மாட்டியிருப்பார்கள். கழற்றினால் அதே லாக்கைத் திரும்பப் போட முடியாது. டீலரிடம் போய்க் கழற்றி, ஓட்டையைச் சுற்றிச் சரிசெய்து, புது லாக் போட்டுக்கொண்டு வருவதுதான் சரி.

கதவில் ஒட்டியிருக்கிற பட்டைக்கும் குரோம் பட்டைக்கும் கீழே கோடு வந்தால் அதைப் பிடித்திருக்கிற கிளிப் ஓட்டையைச் சந்தேகப்படுங்கள். பட்டையை எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

அறிகுறி: கல் பட்ட இடத்தில் பழுப்புப் புள்ளி, பெயிண்ட் மேலெழும்பவில்லை

பானட் முன்விளிம்பு, கதவு விளிம்பு, ரூஃபின் முன்பக்கம், இங்கேதான் அதிகம். லாரிக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் ஓட்டினால் வருவது, பார்க்கிங்கில் பக்கத்து வண்டியின் கதவு இடித்து வருவது. வெளியே தெரிகிற துருவில் பெரும்பாலும் நாமே செய்யக்கூடிய வேலை இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

எப்போது செய்வது என்பதே முதல் முடிவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், சென்னையில் திறந்த வெளியில் பெயிண்ட் வேலை வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கிற நாளில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் வெண்மையாகப் பனி படிந்த மாதிரி ஆகிவிடும். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். அப்போதும் காலையில் ஈரம் விலகியதும், தகடு வெயிலில் சூடாவதற்குள், நிழலில். தகட்டில் கை வைக்க முடியாத சூட்டில் பெயிண்ட் அடித்தால் பரவுவதற்குள் காய்ந்து தோல் கட்டிவிடும். மழைக்காலத்தில் புதுப் புள்ளி வந்துவிட்டது, காத்திருக்க முடியாது என்றால், துடைத்துக் காயவைத்து அதன்மேல் கொஞ்சம் கிரீஸோ கெட்டியான வாக்ஸோ தடவி வைத்து, மழை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். வேலை தொடங்கும்போது அந்தப் பிசுக்கைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஷாம்பு போட்டுக் கழுவி, காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் பழைய வாக்ஸை எடுங்கள். புள்ளியைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இப்போது பிளேடு முனையால் புள்ளியின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், பெயிண்ட் செதில் செதிலாகப் பெயரும். பெயர்கிற வரை பெயர்த்துக்கொண்டே போக வேண்டும், பெயராமல் தகட்டைக் கெட்டியாகப் பிடித்திருக்கிற இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். வெளியே எள் அளவு தெரிந்தது உள்ளே வேர்க்கடலை அளவு ஆகும். பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அந்த விளிம்புக்கு அடியில் மிச்சம் வைக்கிற துருதான் அடுத்த வருஷம் கொப்புளமாக வரும்.

அடுத்து உப்புத்தாள். 120-ஆம் நம்பர் தாளில் தொடங்கி, 220, 320 என்று போங்கள், நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். பெரிய தாளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நல்ல பெயிண்டும் போய்விடும். பென்சிலின் ரப்பர் முனையில் சின்ன வட்டமாக வெட்டி ஒட்டிக்கொண்டால் தேவையான இடத்தில் மட்டும் தேய்க்கலாம். தகடு வெள்ளியாக மின்னும்போது டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மின்னுகிற தகட்டுக்கு நடுவே ஊசிமுனையால் குத்திய மாதிரிக் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால், அவை குழிக்குள் தங்கிய துரு, தேய்த்து எடுக்க முடியாது. அதற்குத்தான் ரஸ்ட் கன்வர்ட்டர், அதாவது மிச்சத் துருவைக் கருப்புப் படலமாக மாற்றுகிற திரவம். கருப்புப் புள்ளி ஒன்றும் இல்லை, தகடு முழுக்கச் சுத்தம் என்றால் கன்வர்ட்டர் வேண்டியதே இல்லை.

கன்வர்ட்டரைச் சின்ன மூடியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு தூரிகையால் மெல்லிசாக வையுங்கள், டப்பாவுக்குள்ளேயே தூரிகையை விட்டால் மொத்தமும் கெட்டுவிடும். துரு இருந்த இடம் கருப்பாக மாறும். எவ்வளவு நேரம் விட வேண்டும், கழுவ வேண்டுமா, எத்தனை கோட் என்பது டப்பாவுக்கு டப்பா மாறும், அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள். நல்ல பெயிண்டில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

வெறும் தகட்டை விரலால் தொடாதீர்கள், வியர்வை போதும் துரு தொடங்க. அன்றைக்கே பிரைமரும் வைத்துவிட வேண்டும். காலையில் தேய்த்துப் பளபளவென்று விட்ட தகடு, கடலோரத்தில் ராத்திரி ஒரு பொழுது நின்றால் மறுநாள் மஞ்சளாகிக் கிடக்கும். பிரைமர் இரண்டு மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. தடியாக ஒரே கோட்டில் முடிக்கிற ஆசை வேண்டாம், வழியும், உள்ளே காயாது.

பிரைமரைச் சமப்படுத்தத் தண்ணீர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. வீட்டில் செய்யும்போது எனக்கு அது பிடிக்காது. சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே இழுக்கும், கொஞ்சம் அழுத்தித் தேய்த்துத் தகடு வெளியே தெரிந்துவிட்டால் ஈரம் நேராகத் தகட்டுக்கே போகும். 400, 600 உப்புத்தாளில் தண்ணீர் இல்லாமல் தேயுங்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கலருக்கு வண்டியின் பெயிண்ட் குறியீட்டு எண் வேண்டும். எஞ்சின் பக்கம் இருக்கிற தகட்டிலோ, கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பர் சொன்னாலும் எடுத்துத் தருவார்கள். டச்-அப் பாட்டில் கிடைத்தால் அது போதும், இல்லையென்றால் பெயிண்ட் மிக்ஸிங் கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கலக்கிக்கொள்ளலாம். வெயிலில் நின்று நிறம் மங்கிய வண்டி என்றால் எண் மட்டும் போதாது, பெட்ரோல் ஊற்றுகிற இடத்தின் பெயிண்ட் அடித்த வெளிமூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், அதைப் பார்த்துச் சரிசெய்து தருவார்கள். கலரைத் துளித்துளியாக, மெல்லிய அடுக்குகளாகக் குழிக்குள் நிரப்புங்கள். தடவுவது வேண்டாம், தொட்டு வைப்பதுதான். கலர் காய்ந்த பிறகு கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு), அது சுற்றியிருக்கிற பெயிண்டை விடக் கொஞ்சம் மேடாக நிற்கட்டும். சில நாள் விட்டு 2000 தாளில் தண்ணீர் தொட்டு மேட்டை மட்டும் இறக்கி, ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பாக்கலாம்.

இரண்டு பாகம் கலந்து அடிக்கிற 2கே கிளியர் நன்றாக உழைக்கும், ஆனால் அதன் கடினமூட்டியில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். என்95 மாஸ்க் அதற்குப் போதாது. அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

எப்போது கொடுத்துவிடுவது: தேய்த்த பிறகு வெறும் தகடு கட்டைவிரல் அகலத்தைத் தாண்டிவிட்டால், அல்லது வண்டி மெட்டாலிக் சில்வர், பேர்ல் வெள்ளை மாதிரி கலர் என்றால். துருவை நிறுத்துகிற வேலையை நீங்கள் நன்றாகவே செய்திருப்பீர்கள், ஆனால் அந்தக் கலரில் தூரிகையால் வைத்த ஒட்டு பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். பிரைமர் வரை நீங்கள் செய்துவிட்டு, கலருக்கு மட்டும் பட்டறைக்குப் போவதும் நல்ல வழி.

அறிகுறி: பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது

கொப்புளத்தை விரலால் அழுத்துங்கள், பிறகு பிளேடு முனையால் கிழித்து உள்ளே பாருங்கள். எப்படியும் அந்தப் பெயிண்ட் போகப்போவதுதான், கிழிக்கத் தயங்க வேண்டாம்.

உள்ளே துரு இல்லை, சாம்பல் நிற பிரைமரோ சுத்தமான தகடோ தெரிகிறது என்றால்

முன்பு எப்போதோ அடித்த பெயிண்டுக்கு அடியில் ஈரமோ எண்ணெயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. துருப் பிரச்சினை இன்னும் வரவில்லை, ஆனால் கிழிந்த இடத்தை மூடாமல் விட்டால் வரும். தேய்த்து, பிரைமர், கலர்.

உள்ளே பழுப்புத் தூள், பேனலின் நடுவில்

காந்தத்தைச் சுற்றிலும் நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி (பள்ளத்தை நிரப்புகிற பூச்சு) பார்த்திருக்கிறார்கள், அதாவது வண்டி எப்போதோ இடிபட்டு டிங்கரிங் ஆகியிருக்கிறது. துருவின் மேலேயே பட்டி பூசியிருந்தால் பட்டி முழுவதையும் கொத்தி எடுக்காமல் தீராது. உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் பொறுமை உள்ளவர்கள் முயலலாம், அதற்கு மேல் பட்டறை.

சக்கரத்துக்கு மேலே, மட்கார்ட் வளைவின் ஓரத்தில்

வளைவின் உள்மடிப்பில் சேறு தங்கி, அது காயாமலே கிடந்து அரிக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு உள்மடிப்பைத் தடவுங்கள், வெறுங்கையில் தடவினால் துருப்பிடித்த விளிம்பு கிழித்துவிடும். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனரின் கிளிப்பைக் கழற்றிச் சேற்றைக் குழாய்த் தண்ணீரில் கழுவி எடுங்கள். பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் மடிப்பை அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் கல் பட்ட புள்ளிக்குச் சொன்ன அதே வேலைதான், ஆனால் வெளிப்பக்கமும் உள்பக்கமும் இரண்டுமே. வெளியே மட்டும் பளிச்சென்று செய்துவிட்டு உள்ளே விட்டால் அடுத்த மழையில் அதே இடத்தில் கொப்புளம். அழுத்தும்போது நொறுநொறுவென்று உதிர்ந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்ட் செய்ய வேண்டும், அது டிங்கரிங் ஆளின் வேலை.

அறிகுறி: கதவின் அடிவிளிம்பில் துரு

கதவை வேகமாகத் திறந்து மூடுங்கள். உள்ளே தண்ணீர் சளக்கென்று ஆடுகிற சத்தம் கேட்டால் காரணம் கிடைத்துவிட்டது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது சாதாரணம், அது வெளியே போகக் கதவின் அடியில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். வேப்பஞ்சருகும் தூசியும் சேர்ந்து அடைத்துவிடும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிற வண்டிகளுக்கு இது தப்பாது. கேபிள் டையின் வால்பக்கத்தை விட்டுக் குடைந்து எடுங்கள். கம்பியை விட்டால் ஓட்டையின் ஓரப் பெயிண்ட் கீறி அங்கேயே புதுத் துரு. தண்ணீர் கருப்பாகக் கொட்டும், கொட்டி முடிந்ததும் கதவைத் திறந்துபோட்டு வெயிலில் காயவிடுங்கள். மழைக்கு முன்னால் ஒருமுறை, மழை முடிந்ததும் ஒருமுறை இந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டால் கதவு பிழைக்கும்.

ஓட்டை சுத்தமாக இருந்தும் ஈரம் இருந்தால் கண்ணாடியைத் துடைக்கிற ரப்பர் பீடிங்கைப் பாருங்கள், கெட்டியாகி வெடித்திருந்தால் மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

துரு எங்கே தெரிகிறது என்பது அடுத்த கேள்வி. வெளித்தகட்டில் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் என்றால் நாமே செய்யலாம். கதவின் வெளித்தகடு உள்தகட்டைச் சுற்றி மடிந்திருக்கிற அந்தத் தையலிலிருந்து வரிசையாகக் கொப்புளம் வந்தால் துரு மடிப்புக்குள்ளே இருக்கிறது, உப்புத்தாள் அங்கே போகாது. காயவைத்து, ஓட்டைகள் வழியாக உள்ளே கேவிட்டி வாக்ஸ் (மூடிய இடுக்குகளுக்குள் அடிக்கிற மெழுகு) அடித்தால் வேகம் குறையும், நிற்காது. ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டால் தகடு மாற்றுவதா, முழுக் கதவே மாற்றுவதா என்று கணக்குப் போட வேண்டும். பழைய மாடல் வண்டிகளுக்குப் புதுப்பேட்டையில் பழைய கதவு கிடைத்தால் வெல்டிங்கை விட அதுவே லாபமாக இருக்கும். வாங்கும்போது அந்தக் கதவையும் தலைகீழாகப் பிடித்து அடிமடிப்பைப் பாருங்கள்.

அறிகுறி: முன்கண்ணாடி ஓரத்தில், ரூஃபில்

ரூஃபின் நடுவில் இருக்கிற புள்ளி பெரும்பாலும் பறவை எச்சம் அரித்ததோ, மேலே ஏதாவது விழுந்ததோ. கல் பட்ட புள்ளி மாதிரியே பார்க்கலாம். ரூஃபின் இரண்டு பக்கமும் ஓடுகிற வாய்க்காலில் சீலர் வெடித்து அதற்குள் துரு இருந்தால் சீலரை எடுத்துத் திரும்பப் போட வேண்டும், பட்டறைக்குப் போங்கள்.

முன்கண்ணாடி ரப்பருக்கு அடியிலிருந்து கொப்புளம் எட்டிப் பார்த்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். வெளியே தெரிவது நுனி, மிச்சம் கண்ணாடிக்கு அடியில். கண்ணாடியை எடுத்துத்தான் சரிசெய்ய முடியும். அந்தக் கண்ணாடி பசையால் ஒட்டியது, விபத்தில் ரூஃப் நசுங்காமல் தாங்குவதிலும் ஏர்பேக் விரியும்போது அதற்கு முட்டுக் கொடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. துருப்பிடித்த விளிம்பில் பசை நிற்காது. தண்ணீர் ஒழுகுகிறதே என்று ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற சிலிகானை அழுத்தி அடைக்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அதுவே தகட்டை இன்னும் அரிக்கும்.

அறிகுறி: கால்மிதி ஈரமாக இருக்கிறது, உள்ளே புழுங்கல் வாடை

வெளியே துரு ஒன்றும் தெரியாமல் தரைத்தகடு அரிக்கிற வழக்கு இது. ஈரம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். மழையே இல்லாத நாளில் ஏ.சி. போட்டு ஓட்டினால் ஈரம் என்றால் ஏ.சி. தண்ணீர் வெளியேறுகிற குழாய் அடைத்திருக்கிறது. ஏ.சி.யைப் போட்டு நிறுத்திவைத்து வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள், சென்னை ஈரக்காற்றில் சொட்டாமல் இருக்காது. குழாய் அடைப்பெடுப்பது சின்ன வேலை. மழை பெய்தால் மட்டும் ஈரம் என்றால் வைப்பருக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் இலைதழை அடைத்திருக்கிறதா, கதவுக்குள் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காரணத்தை மூடிய பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற நுரைத்துண்டை எடுத்து வெயிலில் போடுங்கள், கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்தாலும் அது வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். தகட்டில் மேலோட்டமான துரு என்றால் வயர் பிரஷ், கன்வர்ட்டர், பிரைமர், பெயிண்ட். அழகு தேவையில்லாத இடம், தைரியமாகச் செய்யலாம். ஓட்டை இருந்தால் வெல்டிங்தான். அந்தப் பக்கம் வயரிங்கும் பெட்ரோல் குழாயும் ஓடும், கார்ப்பெட் தீப்பிடிக்கும், ஆகவே சீட், கார்ப்பெட் எல்லாம் எடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் வைப்பேன் என்று சொல்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவிப் பாலிஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டைப் பின்னால் தள்ளி, சீட் ரெயிலின் போல்ட்டுகளைப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே துருவும் வண்டலும் இருந்தால் வேறு வண்டி தேடுங்கள்.

அறிகுறி: சரிசெய்த இடத்திலேயே திரும்ப வருகிறது

பெயிண்ட் விளிம்புக்கு அடியில் துருவை மிச்சம் வைத்தது முதல் காரணம். பிரைமரோடு விட்டுவிட்டு, கலர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியது இரண்டாவது, பிரைமர் மட்டும் தண்ணீரைத் தடுக்காது. ஈரம் வந்த வழியை மூடாதது மூன்றாவது. மழையில் நனைந்த வண்டிக்கு மேல் அப்படியே கவர் போட்டு மூடி வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உப்பும் ஈரமும் உள்ளேயே வேகும். கடலோரத்தில் கவரை விட வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது உதவும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு வாளி மெட்ரோ வாட்டர் ஊற்றித் துடைத்துவிடுங்கள்.

அண்டர்கோட்டிங் (வண்டியின் அடிப்பக்கத்தில் அடிக்கிற பாதுகாப்புப் பூச்சு) அடித்த பிறகும் துரு வந்தால், கழுவாமல் காயாமல் துருவின் மேலேயே அடித்திருப்பார்கள். அந்தக் கருப்புப் படலத்தை ஸ்க்ரூடிரைவரால் கீறிப் பாருங்கள், தகட்டோடு ஒட்டாமல் தோலாக உரிந்து வந்தால் முழுவதையும் எடுக்க வேண்டும்.

அறிகுறி: ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிறது

இங்கே நம் வேலை நின்றுவிட வேண்டும். அதிலும் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித்தகடு, ஜாக்கி வைக்கிற இடம், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடம், சீட் பெல்ட் போல்ட் இருக்கிற இடம், இவற்றில் எங்கே ஓட்டை விழுந்தாலும் பட்டி, ஃபைபர், எம்சீல் எதுவும் வேண்டாம். வண்டியின் பாரத்தையும் உங்கள் உயிரையும் தாங்குகிற இடங்கள் இவை. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது தகடு உள்ளே அமுங்கினால் உடனே இறக்கிவிடுங்கள், அடியில் கையோ காலோ விடாதீர்கள்.

பட்டறையில் முதலில் விலை கேட்காமல் வேலை எப்படி என்று கேளுங்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுப்பார்களா, மேலேயே ஒட்டுத்தகடு வைப்பார்களா? வெல்ட் செய்த இடத்தின் உள்பக்கத்துக்கு என்ன பூசுவார்கள்? ஒட்டுத்தகடுதான் வைப்பேன் என்றால் வேறு பட்டறை பாருங்கள், அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். மிக் (MIG) வெல்டிங் இருக்கிற இடமாகத் தேடுங்கள், கேஸ் வெல்டிங்கில் சூடு பரவி மெல்லிய தகடு நெளிந்து, சுற்றியிருக்கிற நல்ல பெயிண்டும் வெந்துவிடும். பெயிண்டுக்குப் பேனல் கணக்கில்தான் காசு வாங்குவார்கள், ஒரு புள்ளிக்கும் முழுக் கதவுக்கும் பெரும்பாலும் ஒரே விலை, அதனால் அந்தப் பேனலில் இருக்கிற மற்ற கீறல்களையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள். வெட்டித் தேய்த்து, பிரைமர் அடிப்பதற்கு முன் தகடு வெறுமனே இருக்கிற நிலையில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் நேரிலேயே போய்ப் பாருங்கள். பட்டி பூசிய பிறகு போனால் உள்ளே என்ன விட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.